மூன்றாம் டிஸ்க்கின் பணி இடைநிறுத்தம்

‘டிஸ்க் ஒன்றை மீட்கும் வேலையின் எந்தக் கட்டத்திலும் ஃபார்மட் என்பதற்கு இடமில்லை. திரை கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.’

இது ஏழாம் இலக்க அறிவுறுத்தல். என் மகன் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகுமுன் தட்டச்சு செய்து, சேமிப்புப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளில் இருந்தது. தாளை நான் லெமினேட் செய்து வைத்தேன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் சுற்றறிக்கைகளைப் படித்தும் எழுதியும் வாழ்ந்தவன் நான். இவ்வளவு தெளிவான வாசகத்தை எங்கள் திணைக்களம் ஒருமுறைகூட எழுதியதில்லை. ‘அவசியமெனக் கருதப்படுமிடத்து’ இல்லை, ‘உரிய அதிகாரியின் தற்றுணிபின்படி’ இல்லை. கூடாது என்றால் கூடாது. இப்படி ஒரு விதி சுவரில் இருக்கும் வீட்டில் எந்த அனர்த்தமும் நடக்காது என்று நம்பினேன். விதிகளை மீறுகிறவர்கள் அவற்றைப் படித்துவிட்டுத்தான் மீறுவார்கள் என்று எண்ணியது என் உத்தியோகக் கோளாறு.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பலாங்கொடையிலிருந்து மலைக்கு ஏறும் பஸ் தேயிலைக்குள் நுழையும் திருப்பத்தில் இருக்கிறது எங்கள் வீடு. முன்னறையில், ஒரு பிஸ்கட் டின்னை இரண்டு மடங்காக்கிய அளவில், கறுப்பாக ஒரு பெட்டி. உள்ளே ஐந்து டிஸ்க். நான்கில் குடும்பத்தின் படங்கள், பத்திரங்களின் நகல்கள், பதிவுகள். ஐந்தாவதில் ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும் இருக்கும். மற்ற நான்கின் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கில் ஒன்று செத்துப்போனால், கூட்டுத்தொகையிலிருந்து மிச்சம் மூன்றையும் கழித்து, செத்ததில் என்ன இருந்தது என்று பெட்டியே கண்டுபிடித்துவிடும். வெளியே இன்னொரு நகல் வைப்பதற்கு ஒரு சின்ன டிஸ்க்கும் இருந்தது. அது முந்திய மழைக்காலத்தில் விழுந்த இடியோடு போனது. புதியதை மகன் அடுத்த முறை வரும்போது கொண்டுவருவதாக ஏற்பாடு.

மூன்றாம் டிஸ்க்கில் என் மனைவியின் குரல் இருந்தது.

அவள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது, தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் புகாமல் இருக்க, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு அலுமாரிக்குள் முகத்தை வைத்துப் பேசுவாள். பாடங்கள் போனில் போய் பிள்ளைகளைச் சேர்ந்தன. அந்தப் போன்கள் எல்லாம் உடைந்து, மாறி, அடகுக்கும் போய்விட்டன. அசல் மட்டும் எங்கள் பெட்டியில் தங்கியது. பிறகு அவளுடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கொழும்பில் சத்திர சிகிச்சை செய்து, குரல் பெட்டியை எடுத்துவிட்டு, உயிரைத் திருப்பித் தந்தார்கள். நியாயமான பரிவர்த்தனைதான். ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது.

இப்போது போனில் எழுதுவாள், போன் வாசிக்கும். வாசிப்பது ஒரு ஆண், தமிழ்நாட்டுச் செய்தி அறிக்கையின் தொனியில். பெண் குரல்களும் அதில் உண்டு. மகன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியபோது அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்:

“இன்னொரு பொம்பளயோட கொரலு எனக்கு வேணாம். ஆம்பளன்னா அது நான்னு யாரும் நெனச்சிற மாட்டாங்க.”

அதையும் அந்த ஆண்தான் வாசித்தான். அவனுக்குக் கேள்வியும் ஒன்று, பதிலும் ஒன்று. கேள்விக்குறி போட்டாலும் குரலை உயர்த்தமாட்டான். “சாப்பிட்டீங்களா” என்று அவள் எழுதினால், நான் சாப்பிட்டுவிட்டேன் என்று உலகத்துக்கு அறிவிப்பதுபோல் இருக்கும். வங்கிக்குப் போன் எடுத்து அவள் அந்தக் குரலில் தன் பெயரைச் சொன்னபோது, அங்கிருந்த பிள்ளை, “ஐயா, கொஞ்சம் அம்மாகிட்ட குடுங்க” என்றது. அன்றிலிருந்து அவள் தேவைக்கு மட்டுமே அவனைப் பேசவிட்டாள். சோறு, தண்ணீர், மருந்து, மழை. முன்பெல்லாம் நான் ஒரு வாக்கியம் முடிக்குமுன் மூன்று சொல்லி முடிக்கிறவள்.

மகனுடைய வேலைத்தலத்தில் ஒரு ஆள் இருந்தார்; யாருடைய பழைய பதிவுகளைக் கொடுத்தாலும் அவருடைய குரலிலேயே போனைப் பேசவைப்பவர். ஒரு மணி நேரத்துக்காவது தெளிவான பேச்சு வேண்டும் என்றாராம். நம்மிடம் பாடங்கள் இருக்கின்றனவே! செய்தி வந்த அன்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உடனே அனுப்பிவிடலாம் என்றேன். அவள் நாட்காட்டியைக் காட்டினாள். அந்த வாரம் ஆயுத பூசை. கருவியை வேலைவாங்குகிற வாரமா அது? பூசை முடிந்து விஜயதசமியன்று தொடங்கினால்தான் வித்தை விளங்கும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்றைக்கு அரிசியில் எழுத்துத் தொடக்கியவள். நானும் ஒத்துக்கொண்டேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வளர்ந்தவன். என் அப்பா அங்கே மிஷின் பார்த்தார். ஆயுத பூசைக்கு முன்னால் கொழுந்து அரைக்கிற மிஷின்களை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். அதற்கு ஒரு விதி இருந்தது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்து மெயின் சுவிட்சை இறக்கி, பெல்ட் நின்று, அப்பா அதில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் பொட்டு. அந்த விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஓடும் பெல்ட்டைக் கண்ணால் பார்க்க முடிந்ததால் எழுதவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பூசையன்று என் மைத்துனன் வந்தான். மனைவியின் ஒரே தம்பி. பலாங்கொடை பஸாரில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறான். போட்டோ கொப்பி, ரீலோட், போன் திருத்தம். எங்கள் வீட்டுப் பூசைக்குச் சந்தனம் குழைப்பது வருஷாவருஷம் அவனுடைய உரிமை. தையல் மிஷின், கத்தி, மண்வெட்டி, என் பழைய டைப்ரைட்டர் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தான். நான் வெளியே மாவிலை பறித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது:

“மச்சான், இவரு மட்டும் மேக்க பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரே! சாமிக்கு முதுகக் காட்டுனா நல்லாவா இருக்கு?”

நான் மாவிலையோடு உள்ளே வருவதற்குள் பெட்டி கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். பின்பக்கத்து வயர்கள் முறுக்கேறிக் கிடந்தன. முன்பக்கத்தில் பச்சையாக இருக்கவேண்டிய ஐந்து விளக்குகளில் ஒன்று சிவப்பாக எரிந்தது.

“வெளக்கு வச்ச மாதிரி செவப்பா எரியுது பாத்தீங்களா?” என்றான், பெருமையாக.

“ஓடுற மிஷினையாடா திருப்புன?”

“ஓடுதா? சத்தமே இல்லியே மச்சான்!”

அதுதான் விஷயம். பெல்ட் இல்லாத மிஷின். எங்கள் மூன்று தலைமுறையும் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டத்தைக் கண்டுபிடித்தது.

பெட்டியோடு இணைத்திருந்த திரையைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் டிஸ்க்கின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தது. செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மகனுடைய தாளில் விளக்கம் இருந்தது: பெட்டி எதையோ எழுதப் போன கணத்தில் டிஸ்க்கின் வயர் அசைந்து எழுத்துத் தவறினால், அந்த நிமிடத்திலிருந்து பெட்டி அந்த டிஸ்க்கை நம்பாது. அதனிடம் எதையும் கேட்காது, அதில் எதையும் எழுதாது. வயர் திரும்பவும் சரியாகிவிட்டாலும் நம்பாது. எனக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விசாரணை முடியும்வரை பணி இடைநிறுத்தம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் கோப்பைத் தொடக்கூடாது, அலுவலக வாசலை மிதிக்கக்கூடாது. அவருடைய வேலையை மற்றவர்கள் பதில் கடமையாகப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். மிச்சம் நான்கு டிஸ்க்கும் கூட்டிக் கழித்து, மூன்றாவது இருப்பதுபோலவே நடித்துக்கொண்டிருக்கும்.

அவளிடம் அதைச் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை, நடைமுறை இருக்கிறது என்றேன். பெட்டியை முறைப்படி நிறுத்தி, மூன்றாம் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். வயர் பாதி கழன்றுதான் இருந்தது. டிஸ்க்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். பிறகு அது இல்லாமலே பெட்டியை ஓடவிட்டேன். பதில் கடமை பார்ப்பவர் கதவைத் திறந்து பாடங்களைக் காட்டவேண்டும்.

காட்டவில்லை. மூன்றாம் டிஸ்க்குக்கு நேரே ‘திறக்க முடியவில்லை’ என்று வந்தது; வயர் அசைந்த நேரத்தில் கூட்டுத்தொகையும் எங்கோ பிசகியிருக்கவேண்டும். அதற்குக் கீழே, ஆபத்துக்கு உதவ ஓடிவந்த ஆள்போல, ஒரு பொத்தான்: ஃபார்மட்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். போன் சொன்னது: “போச்சா.”

அவள் கேட்டது கேள்வி. அவன் வாசித்தது தீர்ப்பு.

மகன் அந்த வாரம் பாலைவனத்துக்கு நடுவில் ஒரு சுரங்கத்தில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்னல் இருக்கும் இடத்துக்கு வருவான். இப்படிப்பட்ட பெட்டிக்காரர்கள் கேள்வி கேட்கும் இணையத்தளம் ஒன்று இருந்தது. அதற்கு நல்ல ஆங்கிலத்தில், இலக்கமிட்ட பந்திகளில், பின்னணி, நடந்தது, எடுத்த நடவடிக்கை, கோரும் அறிவுரை என்று எழுதி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. திணைக்களத்தின் சுபாவம் அங்கேயும் இருந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்.

பதில் வரும்வரை எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கப் போகவேண்டியிருந்தது. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை செத்துப்போகவில்லை என்று நிரூபிக்கவேண்டும். போகுமுன் பெட்டியின் மேல் ஒரு தாளை வைத்தேன்: ‘தொட வேண்டாம்.’ காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் வாதம் வரும் என்பது அனுபவம்.

உயிரோடிருப்பதற்கான சான்றிதழோடு திரும்பி வந்தபோது, மைத்துனன் முன்னறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஹரி மச்சான், வேல முடிஞ்சுது.” சிங்களத்தில் ஹரி என்றால் சரி.

“என்ன வேல?”

“மிஷினத்தான். நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல எனக்கு. நான் திருப்புனதாலதான இப்பிடி ஆச்சு? வந்து பாத்தேன், மிஷினே வழி சொல்லுது, ஃபார்மட் பண்ணுன்னு. பண்ணுனேன். இந்தா பாருங்க, செவப்பு எழுத்து போயிருச்சு, தொறக்குது.”

“மேல இருந்த பேப்பர?”

“பாத்தேன். வேலக்காரப் பொம்பள தூசு தட்டப்போயி கை வச்சிருவான்னு எழுதி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நான் என்ன அந்நியனா?”

திரையைப் பார்த்தேன். மூன்றாம் டிஸ்க் திறந்தது. திறந்த வீட்டில் ஒரு சாமானும் இல்லை. முழு இடமும் காலி, பயன்படுத்தத் தயார்.

அப்போது என் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மழை விட்ட பிறகு மலையில் தண்ணீர் இறங்குவதுபோல. என் கை தானாகச் சுவரிலிருந்த தாளைக் கழற்றியது. ஏழாம் இலக்கத்தை உரக்க வாசித்தேன். ஒருமுறை. பிறகு மீண்டும், ‘எந்தக் கட்டத்திலும்’ என்பதை அழுத்தி.

“கடைக்கு வர்ற போனுக்கெல்லாம் அதுதான மச்சான் மருந்து,” என்றான் அவன். சிரிப்பு போய்விட்டது. “இறுகிப்போனா ஃபார்மட் பண்ணுவோம், நல்லா ஓடும். ஆளுங்க சந்தோஷமாப் போவாங்க. அதுல… அதுல என்னா இருந்துச்சு?”

“ஒங்கக்கா இருந்தா.”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வைத்த இடம் மேசை இல்லை. கோப்பை விழுந்து உடைந்த சத்தத்துக்குத்தான் நான் தலையை நிமிர்த்தினேன். பின்வாசல் நிலையில் என் மனைவி நின்றாள். முருங்கைக்கீரை இருந்த சுளகு கையில். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் தம்பி, “அக்கா… அக்கா, பௌ எனக்கு, பெரிய பாவம் பண்ணிட்டேன்” என்று சிங்களமும் தமிழுமாக அழுதான். அவள் சுளகை வைத்துவிட்டு, உடைந்த கோப்பையைப் பொறுக்கினாள். துண்டு துண்டாகப் பொறுக்கி, ஒரு காகிதத்தில் மடித்து, வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். அழவில்லை. அழுதாலும் அவளுக்கு இப்போது சத்தம் வராது. அதனால் அவள் அழுகிறாளா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை, மைத்துனன் போன பிறகு, அவளிடம் கேட்டேன்: “கோவமா? தம்பி மேலயா, என் மேலயா?”

அவள் போனைக் கையில் எடுத்தாள். விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பிறகு போனைக் குப்புற வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நடைமுறை. ஒன்பதாம் இலக்கம் சொல்கிறது, வயரைச் சரிசெய்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, மீளக் கட்டும்படி பெட்டிக்கு உத்தரவிடவேண்டும். இடைநிறுத்தப்பட்டவரைச் சேவையில் மீள அமர்த்துதல். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பெட்டியாவது ஒழுங்காக இருக்கட்டும். அலுமாரியிலிருந்து மூன்றாம் டிஸ்க்கை எடுத்து, தாளைப் பிரித்து, துடைத்து, பெட்டிக்குள் செருகப் போனேன்.

அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையால் எழுதினாள். செய்தி வாசிப்பவன் சொன்னான்:

“தம்பி அழிச்சது எத. உள்ள இருந்ததயா. அலுமாரில இருந்ததயா.”

“மூணாம் டிஸ்க்கத்தான்,” என்றேன் எரிச்சலோடு. “அதுதான் இது.”

அவள் டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அலுமாரியைக் காட்டினாள். பிறகு எழுதினாள்:

“அன்னைக்கு இது வகுப்புக்கே வரலயே. வராத பிள்ளைக்கு எப்பிடி அடி விழும்.”

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே நாற்காலி இருந்தது அதிர்ஷ்டம்.

அவள் சொன்னது சரி. மைத்துனன் ஃபார்மட் பண்ணியபோது மூன்றாம் டிஸ்க் பத்திரிகைத் தாளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அழித்தது, மற்ற நான்கும் சேர்ந்து நடித்துக்கொண்டிருந்த மூன்றாவதை. பதில் கடமை பார்த்தவரின் மேசையைத்தான் துப்புரவாக்கியிருக்கிறான். இடைநிறுத்தப்பட்டவர், இடைநிறுத்தப்பட்டதாலேயே, தப்பிவிட்டார். சரி, மகிழ்ச்சி. அடுத்த கணம்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஒன்பதாம் இலக்கத்தின்படி நான் அதை மாட்டி மீளக் கட்டச் சொல்லியிருந்தால், பெட்டி என்ன செய்திருக்கும்? தன் கணக்கில் இருக்கும் மூன்றாவதை, அதாவது அந்தக் காலியை, மிகுந்த விசுவாசத்தோடு இந்த டிஸ்க்கின்மேல் எழுதியிருக்கும். ஒரு எழுத்துப் பிசகாமல். மைத்துனன் விதியை மீறி அழிக்க முடியாததை, நான் விதிப்படி அழித்திருப்பேன். லெமினேட் செய்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, முழு மனச்சாட்சியோடு செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மைத்துனனின் கடைக்குப் போனோம். தனி டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கிற வயர் அவனிடம் இருந்தது. டிஸ்க்கை அவளே கொண்டுவந்தாள். துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் இரண்டு கையாலும் பிடித்தபடி. கடை பாதிக் கதவு மூடியிருந்தது. இருந்தும் ஒரு அம்மா தலையை நீட்டி அடையாள அட்டைக்கு “கொப்பி தெகக்” என்றாள். மைத்துனன் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினான்.

வயரை மாட்டினோம். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கணினித் திரையில் ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவேண்டும். செய்யவா?

ஏதோ கெட்ட கனவு இரண்டாம் தடவை வந்ததுபோல இருந்தது. உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களும் சேர்ந்து அவளுடைய குரலை அழித்துவிட அனுமதி கேட்கின்றன, அதுவும் எவ்வளவு பணிவாக! பழக்க தோஷத்தில் மைத்துனனின் கை மவுஸை நோக்கி நகர்ந்தது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தத்தான் போனான் என்று பிறகு சத்தியம் செய்தான். அவள் காத்திருக்கவில்லை. அவன் புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வகுப்பறை அடி.

“ஆ! அக்கா, இல்லன்னுதான் குடுக்கப் போனேன்!”

“குடுக்காத. எதுவும் குடுக்காத. கையக் கட்டிக்கிட்டு ஒக்காரு,” என்றேன்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். அந்த நிலையில்தான் மகனின் அழைப்பு வந்தது. விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். நடுவில் அவன் குறுக்கிட்டான்.

“அப்பா, அந்த டிஸ்க்க பெட்டில திருப்பி மாட்டுனீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“இல்ல.”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. “யாரு நிப்பாட்டுனது?”

“ஒங்கம்மா.”

“அப்பிடின்னா இருக்கு. கடைக் கம்ப்யூட்டருக்கு இந்த டிஸ்க்கோட பாஷ தெரியாது, அதான் ஃபார்மட்னு சொல்லுது. மாமா எங்க?”

“கையக் கட்டி ஒக்காந்திருக்கான்.”

“அப்பிடியே இருக்கச் சொல்லுங்க.”

பிறகு கையை அவிழ்க்கச் சொன்னான். ஒரு பென் டிரைவில் எதையோ இறக்கவைத்து, கணினியை அதிலிருந்து எழுப்பி, டிஸ்க்கை வாசிக்க மட்டும், எழுத முடியாதபடி திறக்கவைத்தான். அவன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, மைத்துனன் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லித் தட்டினான். ஒவ்வொரு வரிக்கும் பிறகு “அழுத்தவா மருமகனே? அழுத்தவா?” என்று இரண்டுமுறை கேட்டான். அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டிய ஆள்.

கடைசியில் மஞ்சள் நிறக் கோப்புறைகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. கல்யாணப் படங்கள். காணி உறுதி. அதற்குக் கீழே: பாடங்கள்.

மைத்துனன் முதல் பாடத்தை ஓடவிடப் போனான். அவள் தலையை ஆட்டினாள். அவனிடமிருந்து ஒரு இயர்போனை வாங்கி, ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, தானே அழுத்தினாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண் இமைக்கவில்லை. வாய் மெதுவாக அசைந்தது. உள்ளே கேட்பதோடு சேர்ந்து, வார்த்தைக்கு வார்த்தை, சத்தமில்லாமல். கொஞ்ச நேரத்தில் இயர்போனைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அவனும் தன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. அவள் இருக்கு என்று தலையை அசைத்தாள். அது போதும்.

அவ்விடத்திலேயே மூன்று நகல் எடுத்தோம். ஒன்று மகனுக்குப் போனது. ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று மைத்துனனின் கடைக்குப் பின்னால் இரும்புப் பெட்டியில். அந்த இரும்புப் பெட்டிக்கு அவன் பொட்டு வைத்திருக்கிறான். திருப்பவில்லை. மூன்றாம் டிஸ்க்கைப் பிறகு மகனின் மேற்பார்வையில் பெட்டிக்குள் மீண்டும் சேவையில் அமர்த்தி, எல்லாவற்றையும் திரும்ப இட்டோம். விளக்கம் கோரல் கடிதம் யாருக்கும் அனுப்பப்படவில்லை. மைத்துனன் சில வாரங்களுக்கு வீட்டுப் பக்கம் வராமல், பஸ் கண்டக்டரிடம் கித்துள் மரத்துப் பாகை, கித்துள் பாணியை, போத்தல்களாகக் கொடுத்தனுப்பினான். அவற்றை அவள் வாங்கி வைத்தாள், திருப்பி அனுப்பவில்லை. அதுவும் ஒரு வகைத் தீர்ப்புத்தான்.

குரலைச் செய்பவருக்குத் தமிழ் தெரியாது. மழைச் சத்தத்தைப் பிரித்தெடுக்க நாளானது. சேவலையும் தொழிற்சாலைச் சங்கையும் பிரித்தெடுக்க இன்னும் நாளானது. இடையில் அவள் அந்தச் செய்தி வாசிப்பவனை மேலும் குறைத்துக்கொண்டாள். சோறு, தண்ணீர். என்னுடைய கேள்வி, கோபமா, யார் மேல் என்ற கேள்வி, அப்படியே நிலுவையில் கிடந்தது. நான் நினைவூட்டல் அனுப்பவில்லை. சில கோப்புகளுக்கு நினைவூட்டல் அனுப்பினால் கெட்ட பதில் சீக்கிரம் வரும்.

பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். நான் ஏணியில் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். மகன் காலையில் ஏதோ அனுப்பியிருக்கிறான், அவள் அதைப் போனில் ஏற்றியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இந்தாங்க, ஏணி ஆடுது. எறங்குங்க.”

நான் இறங்கவில்லை. ஒட்டடைக் கம்பு விழுந்தது. ஐந்தாம் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்த பிள்ளைவரை எட்டும் குரல். கொஞ்சம் தட்டையாக, ஜலதோஷம் பிடித்ததுபோல. ஆனால் அவளுடையது. திரும்பிப் பார்த்தேன். அவள் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடுத்ததை எழுதிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் எழுதினாள். பிறகு அழுத்தினாள்.

“அன்னைக்குக் கேட்டீங்கல்ல, கோவமான்னு? ஆமா, கோவம்தான். ஒங்க மேலதான். தம்பி அறிவு கெட்டவன், அவன் அழுதான். நீங்க என் மொகத்தப் பாக்காம, செவுத்துல இருந்த பேப்பரக் கழட்டிப் படிச்சிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு தரம் படிச்சீங்க. அத அந்த ஆம்பள வாயால சொல்ல எனக்கு மனசு வரல. அதான் வச்சிருந்தேன். இப்ப எறங்குறீங்களா, இல்லியா?”

கடைசிச் சொல்லில் குரல் மேலே போனது. கேள்வி, கேள்வியாகவே வந்தது.

நிலுவையிலிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்த திகதி: ஜனவரி பதின்மூன்று.